57 கோடி ரூபாய் அட்டைக்குப் பெயர் வைத்தவர்... மொத்தத்தையும் சும்மா கொடுத்துவிட்டுப் போன ஜெஃபர்சன் பர்டிக்!

சிகரெட் பாக்கெட்டுக்குள் இலவசமாக வந்த ஓர் அட்டை அது. நீளம் ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. அதில் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் படம். 2022-ம் ஆண்டு அந்த அட்டைகளில் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அன்றைய மதிப்பில் நம்ம பணத்துக்கு 57 கோடி ரூபாய்!

பேஸ்பால் கார்டு சேகரிப்பவர்களிடம் போய் 'டி206 வாக்னர்' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். வேறு எந்த விளக்கமும் தேவைப்படாது. ஆனால் அந்த 'டி206' என்ற பெயர் அட்டையில் எங்கேயும் அச்சாகவில்லை. அதை வெளியிட்ட புகையிலை கம்பெனியும் அப்படி ஒரு பெயர் வைக்கவில்லை. வைத்தவர் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன, கல்யாணம் செய்துகொள்ளாத, அதிகம் பேசாத ஒரு மனிதர். பெயர், ஜெஃபர்சன் பர்டிக்.

இன்று அமெரிக்காவில் கார்டு சேகரிப்பின் தந்தை என்று அவரைத்தான் கொண்டாடுகிறார்கள். ஆனா, ஒரு விஷயம் கேட்டால் ஆச்சர்யப்படுவீர்கள். பர்டிக் தன் வாழ்நாளில் பெரிய லீக் பேஸ்பால் மேட்ச் ஒன்றுக்குக்கூடப் போனதில்லை என்று சொல்கிறார்கள். அவருக்குப் பிடித்தது ஆட்டம் இல்லை, அட்டை!

பாக்கெட்டுக்குள் ஒரு பரிசு

முதலில் இந்த அட்டைகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம். நமக்கு கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்கர்களுக்கு பேஸ்பால் அப்படி. 1880-களில் அங்கே சிகரெட் மெல்லிய காகிதப் பாக்கெட்டில்தான் வந்தது. சட்டைப் பையில் வைத்தால் நசுங்கிவிடும். நசுங்காமல் இருக்க உள்ளே கெட்டியான ஓர் அட்டையைச் செருகினார்கள். வெறும் அட்டை எதற்கு, படம் போடலாமே என்று யாருக்கோ தோன்ற, நடிகைகள், பறவைகள், கொடிகள், விளையாட்டு வீரர்கள் எல்லாம் வரிசையாக வந்தார்கள். படத்தை முழு செட்டாகச் சேர்க்க வேண்டுமா? அதே பிராண்டைத் திரும்பத் திரும்ப வாங்குங்கள். வியாபாரத் தந்திரம் அவ்வளவுதான்.

1890-ல் பெரிய சிகரெட் கம்பெனிகள் எல்லாம் 'அமெரிக்கன் டொபாக்கோ' என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. போட்டியே இல்லாத இடத்தில் இலவசம் எதற்கு? அட்டைகள் மெள்ளக் குறைந்தன. மறுபடி 1909 முதல் 1911 வரை அதே கம்பெனி வெள்ளை ஓரம் வைத்த ஓர் அட்டை வரிசையை வெளியிட்டது. மொத்தம் 524 விதமான படங்கள். பின்னால் டி206 ஆனது இதுதான்.

சிகரெட் பிடித்தவர்கள் பெரியவர்கள். அட்டைக்கு அலைந்தவர்கள் பசங்க. கடை வாசலில் நின்று, பாக்கெட்டைப் பிரிப்பவர்களிடம் படத்தைக் கேட்டு வாங்கிய தலைமுறை அது.

பண்ணை வீட்டுப் பையன்

அந்தத் தலைமுறையில் ஒருவன்தான் பர்டிக். 1900-ம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், சென்ட்ரல் ஸ்கொயர் என்ற சின்ன ஊரில் பிறந்தவன். நகரத்தின் ஆர்ப்பாட்டம் எதுவும் எட்டாத பண்ணைப் பகுதி. டி206 வெளிவந்தபோது அவனுக்கு ஒன்பது, பத்து வயசு. வண்ணப் படம் என்பதே அபூர்வமான காலத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வண்ண உலகம் இலவசமாக வந்தால் எந்தப் பையன் விடுவான்?

எல்லாப் பசங்களும் சேர்த்தார்கள். பெரும்பாலானவர்கள் வளர்ந்ததும் விட்டுவிட்டார்கள். பர்டிக் அருகிலிருந்த சிரக்யூஸ் நகரத்துக்குப் படிக்கப் போனார். அங்கேயே கிரவுஸ் ஹைண்ட்ஸ் என்ற மின்சாதனக் கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்தார். சின்னச் சின்ன உதிரி பாகங்களைக் கையால் பொருத்தும் வேலை. சம்பளம் ரொம்பச் சாதாரணம். வாழ்ந்தது வாடகை அறையில்.

1930-களில், அமெரிக்கா முழுக்கப் பொருளாதார மந்தத்தில் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் மீண்டும் அட்டைகளிடம் திரும்பினார். இந்த முறை பொழுதுபோக்காக இல்லை. ஒரு முழுநேர வேலை முடித்த பிறகு செய்யும் இன்னொரு முழுநேர வேலையாக!

கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் மூட்டுவாதமும் அவரைப் பிடித்தது. விரல்கள், தோள், முதுகு என்று ஒவ்வொன்றாக இறுகத் தொடங்கின. யோசித்துப் பாருங்கள். பகலில் சின்ன பாகங்களைப் பொருத்த வேண்டும். இரவில் சின்ன அட்டைகளைப் பிரித்து அடுக்க வேண்டும். இரண்டுக்கும் வேண்டியது விரல்கள். அவரைக் கைவிட்டதும் அதே விரல்கள்தான்.

குவியலுக்கு ஒரு வரைபடம்

அட்டை சேகரிப்பில் அன்று இருந்த பெரிய சிக்கல் பணம் இல்லை, குழப்பம். ஐம்பது ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் அட்டைகளை வெளியிட்டிருந்தன. யார் வெளியிட்டது, எந்த வருஷம், ஒரு செட்டில் எத்தனை என்பதற்கு எந்தப் பட்டியலும் கிடையாது. தபால்தலைக்கும் நாணயத்துக்கும் அட்டவணைகள் இருந்தன. அட்டைக்கு இல்லை. ஏன்னா, அது குப்பை என்பதுதான் பெரியவர்களின் எண்ணம்.

உங்ககிட்ட இருக்கும் ஓர் அட்டையைப் பற்றி வேறு ஊரில் இருக்கும் நண்பருக்குக் கடிதம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்ப முடியாது. வெள்ளை ஓரம், தொப்பி போட்ட ஆள், பின்பக்கம் இந்த சிகரெட் பெயர் என்று பத்து வரி எழுத வேண்டும். அப்போதும் அவருக்குப் புரியுமா என்பது சந்தேகம்தான்.

பர்டிக் இதை சரிசெய்ய உட்கார்ந்தார். 1937-ல் 'கார்டு கலெக்டர்ஸ் புல்லட்டின்' என்ற சிறு இதழைத் தொடங்கினார். நாடு முழுக்க அங்கங்கே தனித்தனியாக இருந்த சேகரிப்பாளர்களுக்கு, நாம் தனியாள் இல்லை என்று காட்டிய இதழ் அது. 1939-ல் முதல் அட்டவணைப் புத்தகம் வந்தது. பிறகு 'அமெரிக்கன் கார்டு கேட்டலாக்' என்ற பெயரில் 1946, 1953, 1960 என்று அது விரிந்துகொண்டே போனது.

அதில் அவர் செய்த வேலை எளிமையானது, ஆனால் அசாத்தியமானது. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எழுத்து. 'என்' என்றால் 19-ம் நூற்றாண்டு புகையிலை அட்டை. 'டி' என்றால் 20-ம் நூற்றாண்டு புகையிலை அட்டை. 'ஈ' பழைய மிட்டாய் அட்டைகளுக்கு, 'டி'யைப் போலவே ஒலிக்கும் ஆங்கிலத்தின் நான்காம் எழுத்து பேக்கரி அட்டைகளுக்கு, 'ஆர்' 1930-களிலிருந்து வந்த பபுள்கம் அட்டைகளுக்கு. எழுத்துக்குப் பிறகு செட்டுக்கு ஓர் எண். முடிந்தது! 'ஓல்டு ஜட்ஜ்' சிகரெட்டின் அட்டைகள் என்172 ஆயின. 1933-ன் 'கௌடி' பபுள்கம் அட்டைகள் ஆர்319. வெள்ளை ஓர அட்டைகள் டி206.

இன்றைக்கும் ஏலக் கம்பெனிகளும் தரம் பிரிக்கும் நிறுவனங்களும் அதே எண்களைத்தான் சொல்கின்றன. கோடிகளில் நடக்கும் ஒரு சந்தை, சிரக்யூஸ் வாடகை அறையில் உருவான பட்டியலை இன்னும் அப்படியே பேசிக்கொண்டிருக்கிறது.

பட்டியலில் விலையும் போட்டிருந்தார் பர்டிக். பெரும்பாலான அட்டைகளுக்கு சில்லறைக் காசுதான். அபூர்வமான வாக்னர் அட்டைக்கு மட்டும் 50 டாலர். அன்றைக்கு அதுவே வாயைப் பிளக்க வைக்கும் தொகை. அந்த அட்டை ஏன் பாதியில் நிறுத்தப்பட்டது என்பதில் இன்றும் சண்டைதான். சிகரெட் விற்க தன் படம் பயன்படுவதை வாக்னர் விரும்பவில்லை என்று ஒரு தரப்பு சொல்கிறது. சரியான பணம் தரவில்லை என்பதுதான் காரணம் என்கிறது இன்னொரு தரப்பு. எப்படியோ, மற்ற வீரர்களின் அட்டைகள் ஏராளமாக வந்தபோது, அவருடையது மிகக் கொஞ்சமே வெளியே வந்தது.

தொலைந்துகொண்டே இருந்த உலகம்

பர்டிக் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வீடு வீடாகப் பழைய காகிதம் திரட்டினார்கள். பழைய பேப்பரோடு பேப்பராக எத்தனையோ அட்டைகள் மறுசுழற்சிக்குப் போய்விட்டன. வீடு மாற்றும்போதும், பையன் காலேஜுக்குப் போனபோதும் தூக்கிப் போட்ட பெட்டிகள் இன்னொரு பக்கம்.

வெளியிட்ட கம்பெனிகளே அவற்றை மதித்ததில்லை. 1952-ல் 'டாப்ஸ்' கம்பெனி வெளியிட்ட செட்டில் விற்காமல் தேங்கிய பெட்டிகளை, 1960 வாக்கில் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லான்டிக் கடலில் கொட்டியதாக, அந்த செட்டை உருவாக்கிய சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதே 1952 செட்டின் மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022-ல் 1.26 கோடி டாலருக்குப் போனது. சுமார் 100 கோடி ரூபாய்!

கடலில் கொட்டிய அதே ஆண்டுகளில், பர்டிக் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? ஓர் அருங்காட்சியகத்தின் மூலையில் உட்கார்ந்து, ஒவ்வோர் அட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தார்.

ரெம்ப்ராண்டுக்குப் பக்கத்து மேஜை

1940-களில் அவர் கையில் இருந்தவை லட்சக்கணக்கில். பேஸ்பால் அட்டைகள் மட்டும் இல்லை. விளம்பர அட்டை, தபால் அட்டை, வாழ்த்து அட்டை, சீட்டுக்கட்டு என்று சாதாரண மக்கள் கையில் புழங்கிய அச்சுப் படங்கள் அத்தனையும். சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் வரும் கேள்வி அவருக்கும் வந்தது. எனக்குப் பிறகு இதெல்லாம் எங்கே போகும்?

விற்றிருக்கலாம். துண்டு துண்டாகப் பிரிந்து நூறு பேரிடம் போயிருக்கும். ஆனால் மொத்தமாக, ஒரே இடத்தில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று நினைத்தார் அவர். நியூயார்க் நகரத்தின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தை அணுகினார்.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ரெம்ப்ராண்ட், டியூரர் போன்ற மேதைகளின் அச்சுப் படங்களைப் பாதுகாக்கும் துறை அது. அங்கே போய், சிகரெட் பாக்கெட் அட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தொழிலாளி கேட்கிறார். அந்தத் துறையின் தலைவராக இருந்த ஹயாட் மேயர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. மக்கள் கையில் புழங்கிய அச்சும் அச்சுக்கலையின் வரலாறுதான் என்று புரிந்துகொண்ட மனிதர் அவர். ஆனால் இவ்வளவையும் ஒழுங்குபடுத்தத் துறையில் ஆள் கிடையாது. அடுக்கி, ஒட்டி, ஆல்பமாக்கும் பொறுப்பை பர்டிக்கே ஏற்றுக்கொண்டார்.

1947-ல் முதல் தொகுதி போனது. பிறகு பதினைந்து ஆண்டுகள், அந்த வேலைதான் அவர் வாழ்க்கை.

விரல்களோடு ஒரு பந்தயம்

ஆரம்பத்தில் சிரக்யூஸில் இருந்தபடியே, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் அட்டைகளை வகை பிரித்தார். உடம்பு மோசமாகிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் தொழிற்சாலை வேலையைத் தொடர முடியவில்லை. நோய் முற்றிய ஒரு மனிதர் அப்போது என்ன செய்வார்? சொந்த ஊரில் ஓய்வெடுப்பார். பர்டிக் 1959-ல் நியூயார்க் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். அருங்காட்சியகத்துக்குத் தினமும் போய் வர வசதியாக இருக்கும் என்பதற்காக!

அச்சுப்பட அறையில் அவருக்கு ஒரு மேஜை ஒதுக்கினார்கள். கூன் விழுந்த முதுகோடு, நிமிரவும் முடியாமல், மடங்கிய விரல்களால் ஒவ்வோர் அட்டையாக எடுத்து, இடம் பார்த்து ஒட்டினார். ஓர் அட்டை ஒட்ட ஒரு நிமிஷம் என்று வைத்தால்கூட, மூன்று லட்சம் அட்டைக்கு ஐயாயிரம் மணி நேரம். உடம்பு நன்றாக இருப்பவருக்கே மலைப்பாக இருக்கும் கணக்கு.

முடிப்பதற்குள் போய்விடுவோமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. மருத்துவம் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. அதற்கு நடுவிலும் 1960-ல் அட்டவணையின் புதிய பதிப்பைக் கொண்டுவந்தார்.

1963, ஜனவரி 10. கடைசி அட்டையும் ஒட்டியாகிவிட்டது. மாலை ஐந்து மணி. பர்டிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். துறையில் இருந்தவர்களிடம் விடைபெற்றார். இனி வர மாட்டேன் என்றும் சொன்னார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். அதன் பிறகு அவர் வெளியே வரவில்லை. மார்ச் 13-ம் தேதி இறந்துபோனார்.

அவர் விட்டுப்போனவை மூன்று லட்சத்துக்கும் அதிகமான அட்டைகள், ஏறக்குறைய 400 ஆல்பங்கள். அதில் பேஸ்பால் அட்டைகள் மட்டும் 30,000-க்கும் மேல். வாக்னர் அட்டையும் அதில் ஒன்று.

பசை தப்பு... ஆனால்?

இந்த இடத்தில் கார்டு சேகரிக்கும் நண்பர் யாராவது பக்கத்தில் இருந்தால் தலையில் கை வைத்துக்கொள்வார். பசை போட்டு ஒட்டினாரா? ஆமாங்க, ஒட்டினார். இன்றைய சந்தைக் கணக்கில் அது பெரிய பாவம். பின்பக்கம் பசை பட்ட அட்டையின் மதிப்பு சரிந்துவிடும்.

ஆனால் பர்டிக் விற்பதற்காக ஒட்டவில்லை. தொலையக் கூடாது, கலையக் கூடாது, பக்கத்தைத் திருப்பினால் முழு செட்டும் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக ஒட்டினார். அவருடைய காலத்தில் ஆல்பம் என்றால் அதுதான் வழி.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு. உலகத்திலேயே மிக அழகான வாக்னர் அட்டை என்று பெயர் எடுத்த ஒன்றை, 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கினார். அதன் ஓரங்கள் அவ்வளவு கச்சிதம். பல வருஷம் கழித்து, 2013-ல், அதை முன்பு கையில் வைத்திருந்த ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ நீதிமன்ற வழக்கில் உண்மையை ஒப்புக்கொண்டார். ஓரங்களை வெட்டி நேராக்கியதே அவர்தான்! விலைக்காக ஒருவர் அட்டையை வெட்டினார். அட்டைக்காக ஒருவர் விலையை விட்டார். இரண்டும் சேகரிப்பு என்ற ஒரே பெயரில்தான் நடந்தன.

உங்க அலமாரியில் ஏதாவது இருக்கா?

பழைய அட்டையோ, தாத்தாவின் போட்டோவோ, தபால் அட்டையோ, காகிதத்துக்கு எதிரிகள் ஒன்றுதான். இன்றைக்குப் பாதுகாப்பு வழிகள் பர்டிக் காலத்தைவிட எளிது.

* கையை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகு தொடுங்கள். ஓரங்களை மட்டும் பிடியுங்கள். முனை மழுங்கினால் மறுபடி வராது.

* முதலில் மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் டாப் லோடர் எனப்படும் கெட்டியான உறை. வாங்கும்போது பி.வி.சி இல்லாதது, அமிலம் இல்லாதது என்று பார்த்து வாங்குங்கள். மலிவான பி.வி.சி உறை நாளாக ஆகப் பிசுபிசுத்துப் படத்தையே கெடுத்துவிடும்.

* ரப்பர் பேண்டு, செலோ டேப், பசை, ஸ்டேப்ளர் நான்கும் வேண்டவே வேண்டாம்.

* வெயில் சாயத்தை வெளுக்கும். ஈரம் காகிதத்தை வளைக்கும், பூஞ்சை பிடிக்கும். பரண், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். இருட்டான, காய்ந்த, வெப்பம் ஏறி இறங்காத இடம்தான் நல்லது.

* அழுக்கைத் துடைக்கிறேன், ஓரத்தைச் சரிசெய்கிறேன் என்று இறங்காதீர்கள். பழசின் தழும்பும் அதன் வரலாறுதான்.

இவை எல்லாம் அட்டையைக் காப்பாற்றும். ஆனால் தொகுப்பைக் காப்பாற்ற இன்னொன்று வேண்டும். அதை பர்டிக்கிடம்தான் கற்க வேண்டும். பட்டியல் போடுங்கள். இது என்ன, எப்போது வந்தது, யாரிடமிருந்து கிடைத்தது என்று நாலு வரி எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு அந்த நாலு வரி இல்லை என்றால், உள்ளே இருப்பது வெறும் பழைய காகிதம். குப்பைக்குப் போன பெட்டிகள் பலவற்றிலும் இல்லாமல் போனது பிளாஸ்டிக் உறை இல்லை, அந்த நாலு வரிதான்.

கூட்டத்துக்கு நடுவே ஒரு பெயர்

இன்று நியூயார்க் போனால், மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பர்டிக் தொகுப்பின் பேஸ்பால் அட்டைகளில் சிலவற்றை மாற்றி மாற்றிக் காட்சிக்கு வைத்திருப்பதைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெளியே வைக்க மாட்டார்கள். வெளிச்சம் சாயத்தைத் தின்றுவிடும் என்பதால், கொஞ்ச நாள் காட்சி, பிறகு நீண்ட ஓய்வு. அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதும் இல்லை. ஆயிரக்கணக்கான அட்டைகளின் படங்கள் அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன. போனில் தேடினால் போதும்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே சின்னதாக ஒரு வரி வரும். ஜெஃபர்சன் ஆர். பர்டிக் தொகுப்பு, அவர் அளித்த கொடை என்று. பெரும்பாலானவர்கள் வீரரின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுவார்கள். நீங்கள் தள்ளும்போது அந்த வரியையும் ஒரு நொடி பாருங்கள். அந்த அட்டை அங்கே நேராக நிற்பதற்குக் காரணம், நேராக நிமிர முடியாத ஒரு மனிதர்!